தொட்டிலும் குலப்பெயரும்

(நம் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வாண்டுக் கூட்டத்தில் ஏதேனும் ஒரு பொருள்பற்றி யான் பேசவேண்டுமென்று செயலாளர் அவர்கள் பணித்தார்கள். பொருளைத் தேர்ந்துகொள்ளும் உரிமையை எனக்கே விட்டார்கள். யான் எடுத்துக்கொண்டது, பெற்றவளால் வளர்க்க இயலாத பச்சிளங் குழவியை உயிரோடும் சட்டத்தின் காவலோடும் பிறர் கையில் ஒப்படைத்தற்கு உள்ள வழி என்பது. மாணவர்க்குப் பரிசு வழங்கும் மேடையில் இப்பொருள் எதற்கு என்று சிலர் முகஞ் சுளிக்கக்கூடும். "நம் குலத்தில் அத்தகைய செயல் நிகழ்வதில்லை" என்றும் சிலர் சொல்லக்கூடும். நிகழ்வதில்லையாயின் மகிழ்ச்சியே. ஆயினும், குப்பைமேட்டிலும் முட்புதரிலும் பேருந்து நிலையத்து மூலையிலும் கண்டெடுக்கப்படும் குழந்தைகளைப்பற்றிச் செய்தித்தாளிற் படிக்கின்றோமே, அவை ஏதேனும் ஒரு குலத்திற் பிறந்தவை அல்லவோ? எம் குலத்தது அன்று என்று ஒவ்வொரு சங்கமும் சொல்லிவிடுமாயின் அக்குழந்தைகள் வானத்திலிருந்து வீழ்ந்தனவாதல் வேண்டும்.

தமிழாசிரியன் ஆதலின் முதற்கண் கதையிலிருந்தே தொடங்குகின்றேன். குந்தி கன்னிப் பருவத்தில் ஈன்ற மகவைப் பேழையில் வைத்து ஆற்றில் விட்டாள் என்பதை யாவரும் அறிவீர்கள். கூத்து மேடையில் கர்ணன் உயிர் துறக்கும்போது விடியற்காலம் வரையில் விழித்திருந்து அழுதவர்கள் இச்சபையில் பலர் உளர். அப்பேழையைப்பற்றி ஒரு சிறு செய்தியை மட்டும் இங்கே நினைவூட்ட விரும்புகின்றேன். நீர் புகாவண்ணம் அதற்கு மெழுகு பூசியிருந்தது என்று பாரதம் கூறுகின்றது. கொல்ல நினைத்தவள் மெழுகு பூசமாட்டாள். குழந்தை பிழைக்கவேண்டும், தான் பெற்றாள் என்பதை மட்டும் ஒருவரும் அறியலாகாது என்பதே அப்பெண்ணின் எண்ணம். அவளுக்கு அந்நாளில் ஆற்றைத் தவிர வேறு கதவு இல்லை. தேர்ப்பாகன் அதிரதனும் அவன் மனைவி இராதையும் கரையில் நின்றது குழந்தையின் நல்வினை.

இதனினும் நம் காரியத்திற்கு நெருங்கிய கதை மணிமேகலையில் உள்ளது. வாரணாசியில் வாழ்ந்த அபஞ்சிகன் என்னும் அந்தணனின் மனைவி சாலி. அவள் ஒழுக்கந் தவறிக் கருவுற்றாள். தண்டனைக்கு அஞ்சிக் குமரியாடப் புறப்பட்டாள். வழியிடையில், இருள் செறிந்த யாமத்தில், ஆள் வழங்காத தோட்டம் ஒன்றில் மகனைப் பெற்று, அங்கேயே விட்டுச் சென்றாள். பசு ஒன்று அக்குழவியின் அழுகுரல் கேட்டு வந்து, நாவால் நக்கி, ஏழு நாள் பாலூட்டிக் காத்தது. வயனங்கோடு என்னும் ஊரினனாகிய இளம்பூதி என்னும் அந்தணன் மனைவியோடு அவ்வழி வந்தான், மகவைக் கண்டான், பிள்ளையற்ற தனக்குத் தெய்வம் தந்த மகன் என்று எடுத்துச் சென்று கல்வி பயிற்றினான். அவனே ஆபுத்திரன். பின்னாளில் அட்சயபாத்திரமாகிய அமுதசுரபியைப் பெற்று ஊராரின் பசி தீர்த்தவன் அவனே.

இக்காதையைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் மாணவர் அமுதசுரபியைப்பற்றியே வினவுவர். என் மனத்தில் நிற்பவனோ இளம்பூதி. வேள்விக்குக் கட்டியிருந்த பசுவை ஆபுத்திரன் இரவில் அவிழ்த்துச் சென்றான். ஊர் அந்தணர் அவனைப் பிடித்து அலைத்தனர். வாதம் முற்றியபோது, குமரி வழியில் சாலியைக் கண்டிருந்த ஒருவன் இவன் பிறப்பை வெளியிட்டான். அவ்வளவே. தான் தோட்டத்தில் எடுத்து, தோளிற் சுமந்து, வேதம் ஓதுவித்த பிள்ளையை இளம்பூதி வீட்டிலிருந்து வெளியேற்றினான். குழந்தையை எடுத்தபோது இவன் யார் வீட்டுப் பிள்ளை என்று அவன் கேட்கவில்லை. பலர் கூடி அவ்வினாவைக் கேட்டபோது அவனால் தாங்க இயலவில்லை. அவன் கொடியவன் அல்லன். நம்மைப் போன்றவன், ஊருக்கு அஞ்சினவன். ஸ்ரீவில்லிபுத்தூரில் துளசிச் செடியின் அடியில் கண்டெடுத்த பெண்மகவைப் பெரியாழ்வார் ஆண்டாளாக வளர்த்தார். அவள் பிறந்த மனை எதுவென்று இன்றளவும் எவரும் தேடிப் போகவில்லை. ஆண்டாளின் பிறப்பை ஆராயாத நாம் பக்கத்து வீட்டுப் பிள்ளையின் பிறப்பை ஆராய்கின்றோம்.

இனிப் பிறநாட்டார் இதற்குச் செய்தது யாது என்பதைச் சிறிது காண்போம். ஐரோப்பாவில் மடங்களிலும் ஆஸ்பத்திரிகளிலும் சுவரைத் துளைத்து ஒரு சுழல் தொட்டில் பொருத்தும் வழக்கம் இடைக்காலம் முதலே இருந்தது. மரத்தாற் செய்த உருளை. தெருப்பக்கம் ஒரு திறப்பு. தாய் குழந்தையை அதில் இட்டுத் திருப்பினால் அது உட்புறம் சென்றுவிடும். அவள் மணியை அடித்துவிட்டு இருளில் மறைவாள். உள்ளிருப்பவர் அவள் முகத்தைக் காணார். பிரான்சில் நெப்போலியன் 1811-ஆம் ஆண்டுக் கட்டளையொன்றால் இத்தகைய தொட்டில்களை நாடெங்கும் அமைக்கச் செய்தான். பிற்காலத்தில் அவை படிப்படியாக மூடப்பட்டன.

இத்தாலியிலுள்ள பிளாரன்ஸ் நகரத்து அநாதைக் குழந்தை மனையை நம் சங்கத்தார் சிறப்பாக அறிதல் வேண்டும். அதனைக் கட்டியது அரசன் அன்று, மடமும் அன்று. பட்டுத் தொழிலாளரும் வணிகரும் சேர்ந்த ஒரு சங்கம், அதாவது நம்முடையதைப் போலத் தம்மவர் நலத்தைக் கருதி ஏற்பட்ட ஒரு கூட்டுறவு, தன் பொருளைச் செலவிட்டு அதனைக் கட்டிற்று. 1419-இல் புருனெல்லெஸ்கி என்னும் புகழ்பெற்ற சிற்பி வகுத்த கட்டடம் அது. 1445-இல் அதன் வாயிலில் முதன்முதல் விடப்பட்ட குழந்தை பெண். அம்மனை இன்றும் குழந்தைகட்கு உரிய நிலையமாக இருந்து வருகின்றது. தம் சங்கத்தார் பிள்ளைகளை மட்டும் ஏற்போம் என்று அவர்கள் எழுதி வைத்திருந்தால் அதன் பெயரை யான் இன்று சொல்ல வேண்டியிராது.

இலண்டனில் தாமஸ் கோரம் என்னும் கப்பல் தலைவர், தெருவோரத்திற் சாகும் குழந்தைகளைக் கண்டு பொறாராய், 17 ஆண்டு வீடுவீடாக அலைந்து ஆதரவு திரட்டி, 1739-இல் அரச பட்டயம் பெற்றார். 1741-இல் மனை திறந்தது. அங்கே குழந்தையை விட்டுச் சென்ற தாய்மார், பின்னொரு காலத்தில் மீட்க வந்தால் அடையாளங் காட்டுதற்பொருட்டு, ஏதேனும் ஒரு பொருளை உடன் வைத்துச் சென்றனர். பாதியாக வெட்டிய நாணயம், துளையிட்ட காசு, ஆடையிலிருந்து கிழித்த ஒரு துண்டு. துணித் துண்டின் மறுபாதியைத் தாய் வைத்துக்கொள்வாள். அத்துண்டுகள் ஏடுகளில் ஊசியாற் குத்தப்பட்டு ஆயிரக்கணக்கில் இன்றும் காக்கப்படுகின்றன. மீட்க வந்த தாய்மார் மிகச் சிலர். குழந்தையை விட்டவள் நெஞ்சம் கல் என்று சொல்வோர் அவ்வேடுகளை ஒருமுறை கண்டால் நன்று.

ஆனால் இலண்டன் மனை வேறொன்றையும் காட்டுகின்றது. 1756-இல் பாராளுமன்றம் பொருளுதவி செய்து, வரும் குழந்தைகள் அனைத்தையும் ஏற்கவேண்டும் என்றது. நான்கு ஆண்டுகளில் ஏறத்தாழ 15,000 குழந்தைகள் வந்து குவிந்தன. பாலூட்டும் செவிலியர் போதவில்லை. மூன்றில் இரண்டு பங்கினர் மாண்டனர். 1760-இல் அவ்வேற்பாடு நின்றது. கதவைத் திறத்தல் எளிது. கதவுக்கு உட்புறத்தில் பாலும் மருந்தும் ஆளும் வேண்டும்.

நம் காலத்தில் அமெரிக்காவில் டெக்சாஸ் மாகாணம் 1999-இல் இதற்கெனத் தனிச் சட்டம் செய்தது. பச்சைக் குழந்தையை ஆஸ்பத்திரி போன்ற குறித்த இடங்களில் ஊறின்றி ஒப்படைக்கும் பெற்றோருக்குச் சட்டம் பாதுகாப்பு அளித்தது. 2008-க்குள் 50 மாகாணங்களும் அவ்வழியிற் சென்றன. கடைசியாக வந்த நெபிராஸ்கா மாகாணம் தன் சட்டத்தில் வயதெல்லை குறிக்கவில்லை. சில மாதங்களில் அங்கே 36 பிள்ளைகள் விடப்பட்டனர். அவருள் ஒருவரேனும் பச்சைக் குழந்தை அல்லர். பலர் 10 வயதைக் கடந்தவர். மனைவியை இழந்த தகப்பன் ஒருவன் ஒன்பது பிள்ளைகளை ஒரே நாளில் ஆஸ்பத்திரியில் விட்டுச் சென்றான். சட்டசபை அவ்வாண்டு நவம்பரிலேயே அவசரமாகக் கூடி, 30 நாள் என்று எல்லை வகுத்தது. இதைக் கேட்டுச் சிரித்தவர்கள் உண்டு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. குழந்தை பெற்ற முதல் மாதத்தில் மட்டுமா குடும்பம் நொறுங்குகின்றது? கதவு ஒன்று திறந்தவுடன் அந்நாட்டின் எத்தனை வீடுகளில் எத்தகைய துயரம் ஒளிந்திருந்தது என்பது வெளியாயிற்று. அண்டை நாடாகிய பாகிஸ்தானில் அப்துல் சத்தார் ஈதி என்னும் பெரியார், கொல்லாதீர்கள், இங்கே விடுங்கள் என்னும் கருத்துப்பட எழுதித் தம் நிலையங்களின் முன் தொட்டில்களை வைத்தார். அவருக்கு வசையும் எதிர்ப்பும் மிகுதியாக வந்தன. ஆயினும் தொட்டில்களை அகற்றினாரல்லர்.

தமிழ்நாட்டுக்கு வருவோம். 1986-இல் ஆங்கிலப் பத்திரிகையொன்று உசிலம்பட்டி வட்டாரத்தில் நிகழ்ந்த பெண் சிசுக்கொலையை வெளியிட்டது. நாடெங்கும் பேச்சாயிற்று. அப்பொழுது பலர் செய்தது, அவ்வட்டாரத்தார்மேலும் ஒரு வகுப்பார்மேலும் பழி முழுவதையும் ஏற்றிவிட்டுத் தாம் தூய்மையுற்றதாக எண்ணிக்கொண்டதுதான். 1991-ஆம் ஆண்டுக் குடிமதிப்பு வந்தபோது உண்மை தெரிந்தது. ஆறு வயது வரையுள்ள ஆண்மக்கள் 1,000 பேருக்குப் பெண்மக்கள் தமிழ்நாட்டில் 948. சேலம் மாவட்டத்தில் 849. இது ஒரு வகுப்பாரின் செயலாற் குறைந்த எண் ஆகாது. காடுகழனி உடையவர், பொருள் உடையவர், படித்தவர் யாவரும் இக்கணக்கில் அடங்குவர். கள்ளிப்பாலைக் கண்டு அஞ்சினவர்கள் பின்னர் நகரத்துக்குச் சென்று கருவிலேயே பார்த்து அழிக்கக் கற்றுக்கொண்டனர். அதனைத் தடுக்க 1994-இல் மத்திய அரசு சட்டஞ் செய்தது.

1992-இல் செல்வி ஜெயலலிதா முதலமைச்சராயிருந்தபோது சேலம் மாவட்டத்தில் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டது. பெண்மகவை வளர்க்க விரும்பாதார் அதனைக் கொல்லற்க; அரசு வைத்துள்ள தொட்டிலில் இடுக; பெயர் கேட்கப்படாது என்பது அதன் பொருள். அதே ஆண்டில் பெண் குழந்தை பெற்ற ஏழைக் குடும்பத்துக்கு வைப்புத்தொகை அளிக்கும் திட்டமும் தோன்றியது. 2001-இல் மதுரை, தேனி, திண்டுக்கல், தருமபுரி முதலிய மாவட்டங்களுக்கும், 2011-இல் கடலூர், அரியலூர், பெரம்பலூர், விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்களுக்கும் தொட்டில் விரிவுற்றது.

இத்திட்டத்தைக் குறைகூறினோர் பலர். மகளிர்க்கு உழைப்போரே குறைகூறினர். பெண் வேண்டா என்னும் தகப்பனுக்கு, அப்படியாயின் எம்மிடந் தள்ளிவிடு என்று அரசு வழிகாட்டுவதா? வரதட்சிணை வாங்குவோனைப் பிடிக்காமல் பிள்ளையைப் பிடித்துத் தொட்டிலில் இடுவதா? என்று அவர்கள் கேட்டனர். கேள்வி நியாயமானதே. வரதட்சிணையைத் தடுக்கும் சட்டம் 1961-இல் வந்தது. சொத்தில் மகளுக்கும் சமபங்கு என்னும் திருத்தம் தமிழ்நாட்டில் 1989-இல் வந்தது. அவ்விரண்டையும் நம் வீடுகளில் எவ்வளவு பின்பற்றினோம் என்பது நம் மண்டபத்துத் திருமணங்களுக்கு வந்து போகின்ற யாவர்க்கும் தெரியும். ஆயினும் இன்றிரவு மரிக்கவிருக்கும் குழந்தைக்கு, ஊர் திருந்தும் வரையில் பொறுத்திரு என்று சொல்லலாகாது. தொட்டில் தீர்வன்று, தீர்வு வரும் வரையில் உயிர் தங்குமிடம். சேலம் மாவட்டத்தில் அவ்வெண் 2011-இல் 900-ஐக் கடந்தது. தொட்டில் ஒன்றினாலேயே கடந்தது என்று யான் சொல்லேன். கல்வி, கண்காணிப்பு, சட்டம் ஆகிய பலவும் அதிற் சேரும். மாநிலத்தின் எண்ணோ 2001-இல் 942, 2011-இல் 943. இதில் பெருமைகொள்ள ஒன்றும் இல்லை.

இனி, நீங்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய சட்டத்தைச் சொல்கின்றேன். சற்றுப் பொறுமையோடு கேட்க வேண்டுகின்றேன். அறியாமையால் இதில் நேரும் கேடு பெரிது.

குழந்தையை எறிதல் வேறு, ஒப்படைத்தல் வேறு. பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை முற்றிலும் கைவிடும் எண்ணத்தோடு எங்கேனும் விட்டுச் செல்லும் பெற்றோர்க்கு ஏழாண்டு வரையில் சிறை என்று 1860-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டம் விதித்தது. 2024 ஜூலை முதல் அதன் இடத்தில் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நியாய சன்ஹிதாவும் 93-ஆம் பிரிவில் அதனையே விதிக்கின்றது. ஆனால் 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு வேறொரு வழியைத் திறந்துள்ளது. உடலாலோ மனத்தாலோ சமூகத்தாலோ தம் கைக்கு மீறிய காரணம் பற்றிக் குழந்தையை வளர்க்க இயலாத பெற்றோர், மாவட்டந்தோறும் உள்ள குழந்தைகள் நலக் குழுவின் முன் அதனைக் கொணர்ந்து ஒப்படைக்கலாம். குழுவினர் விசாரிப்பர், ஆலோசனை கூறுவர், பின்னரும் மனம் மாறவில்லையாயின் ஒப்படைப்புப் பத்திரம் எழுதப்படும். எழுதிய பின்னும் இரண்டு மாதம் தவணை உண்டு. அதற்குள் மனம் திரும்பினால் குழந்தையை மீட்டுக்கொள்ளலாம். இலண்டன் தாய் துணித் துண்டைக் கிழித்து வைத்துக்கொண்டதை, இன்று சட்டம் இரண்டு மாதத் தவணையாக எழுதித் தந்திருக்கின்றது.

கணவன் மனைவிக்குப் பிறந்த குழந்தையாயின் இருவரும் கையெழுத்திடல் வேண்டும். மணமாகாத தாயாயின் அவள் கையெழுத்தே போதும். தகப்பன் பெயரைத் தேடி அலைய வேண்டுவதில்லை. இவ்விசாரணையின்போது பெற்ற தாய் தந்தையர்மேல் போலீஸில் முதல் தகவல் அறிக்கை பதியலாகாது என்று அச்சட்டமே கூறுகின்றது. குழந்தையின் அடையாளத்தைப் பத்திரிகையில் வெளியிடுவதும் குற்றம். பெற்றவள் 18 வயது நிரம்பாதவளாயின், அவளைக் கெடுத்தவன்மீது போக்சோ சட்டப்படி நடவடிக்கை உண்டு. ஆஸ்பத்திரியார் அதனை அறிவித்தே தீரவேண்டும். அதனால் அச்சங்கொண்டு பெண்ணை ஆஸ்பத்திரிக்கே கொண்டு செல்லாமல் வீட்டின் பின்கட்டில் வைத்துப் பிரசவம் பார்க்கும் பெற்றோர் உண்டு. அங்கே தாயும் சேயும் ஒருசேர மடிதல் கூடும். அப்பெண் சட்டத்தின் கண்ணிற் குற்றவாளி அல்லள், காக்கப்பட வேண்டியவள்.

இன்னொன்று. நம்மில் நல்லவர்கள் என்று பெயரெடுத்தோர் செய்யும் பிழை இது. ஒரு வீட்டில் வேண்டாப் பிள்ளை பிறந்தால், பிள்ளையில்லாத மற்றொரு வீட்டாருக்கு இரவோடிரவாகக் கொடுத்துவிடுகின்றார்கள். ஆஸ்பத்திரி ஆயா ஒருத்தி நடுவில் நிற்பாள். பணமும் கைமாறும். புண்ணியம் என்று இருவீட்டாரும் எண்ணுவர். சட்ட முறைக்குப் புறம்பாகத் தத்துக் கொடுத்தலும் கொள்ளலும் மூன்றாண்டு வரையில் சிறைக்குரிய குற்றம். விலைக்கு விற்றாலோ வாங்கினாலோ ஐந்தாண்டு வரையில் கடுங்காவல். இவ்வாறு வந்த பிள்ளைக்குப் பிறப்புச் சான்றும் பொய், வாரிசுரிமையும் ஐயம், என்றேனும் பங்காளி ஒருவன் வழக்குத் தொடுத்தால் நடுத்தெருவில் நிற்பது அப்பிள்ளை. இருவீட்டாரும் செய்த புண்ணியத்தின் பலன் இதுவா?

தெருவில் குழந்தையைக் கண்டால், நமக்கேன் வம்பு என்று கடந்து செல்லலாகாது. 24 மணி நேரத்துக்குள் 1098 என்னும் தொலைபேசி எண்ணுக்கோ, போலீஸ் நிலையத்துக்கோ, குழந்தைகள் நலக் குழுவுக்கோ அறிவித்தல் வேண்டும். தொட்டிலில் இடப்பட்ட குழந்தையும் கண்டெடுத்த குழந்தையும் இரண்டு வயதுக்குட்பட்டவையாயின், பெற்றோரைத் தேடிப் பார்த்து, இரண்டு மாதத்தில் தத்துக்கு உரியவை என்று அறிவிக்கப்படும். அப்பால் அவற்றைக் கேட்டு வரிசையில் நிற்போர் நாடெங்கும் பல்லாயிரவர்; ஆண்டுக் கணக்கிற் காத்திருக்கின்றார்கள். முட்புதரில் எறும்பு மொய்க்கக் கிடந்த குழந்தைக்கு ஒரு வீட்டில் தொட்டில் கட்டக் காத்திருந்தார்கள் என்பதை எண்ணும்போது மனம் பொறுக்கவில்லை.

தொட்டில் உண்டு, சட்டம் உண்டு, எடுத்துக்கொள்ள ஆள் உண்டு. பின்னும் ஏன் புதர்? ஒரு பெண் மாவட்டத் தலைநகருக்குச் செல்ல வழி அறியாதவள் என்பதனால் மட்டும் அன்று. தொட்டிலுக்குச் செல்லும் வழியில் நாம் நிற்கின்றோம் என்பதனால். யார் வீட்டுப் பெண், யாருக்குப் பிறந்தது என்று கேட்பதற்கு நாம் நிற்கின்றோம். அவள் தங்கைக்கு வரன் வாராது. அண்ணன் மனைவி பிறந்தகம் போய்விடுவாள். குலதெய்வக் கோயிலில் அவ்வீட்டு வரியை வாங்கமாட்டார்கள். அவள் அஞ்சுவது போலீஸுக்கு அன்று. இச்சபை போன்ற ஒரு சபைக்கு.

குலம் யாது என்று கேட்பதே தொழிலாகக் கொண்ட ஓர் அமைப்பில் நின்று இதைச் சொல்கின்றேன் என்பதை யான் மறக்கவில்லை. இச்சங்கம் எத்தனையோ ஏழை மாணவரைப் படிக்க வைத்திருக்கின்றது, விடுதி கட்டியிருக்கின்றது. அந்நன்மைகளை அறிவேன். அதனாலேயே இதை இங்கே சொல்லத் துணிந்தேன். நாம் கேட்கும் அவ்வொரு வினாவை இரண்டு இடங்களில் மட்டும் கேளாதிருத்தல் வேண்டும். பிள்ளையை ஒப்படைக்கச் செல்பவளிடம் ஓரிடம். தத்தெடுத்த பிள்ளையிடம் மற்றோரிடம்.

இரண்டாவதைப்பற்றி ஒரு வார்த்தை. பழைய தரும நூல் வழியில் தத்து என்பது பெரும்பாலும் ஆண்மகவுக்கே, அதுவும் தன் வருணத்தினுள்ளே, நீர்க்கடன் இறுத்தற்பொருட்டு. 1956-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்மகவையும் தத்தெடுக்கலாம் என்றது. குலம் ஒன்றாயிருத்தல் வேண்டுமென்று அது விதிக்கவில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின்படி தத்தெடுப்போர்க்கும் இன்ன குலத்துப் பிள்ளைதான் வேண்டும் என்று கேட்கும் உரிமை இல்லை. தத்து ஆணையை முன்பு நீதிமன்றம் வழங்கிற்று. 2022 முதல் மாவட்டக் கலெக்டரே வழங்குகின்றார். அவ்வாணை பிறந்த நாளிலிருந்து அப்பிள்ளை பெற்ற பிள்ளையோடு எவ்வாற்றானும் ஒன்று. சட்டம் இத்துணைத் தூரம் வந்துவிட்டது. நம் வரன் பதிவேடு வரவில்லை. "சொந்தப் பிள்ளையா, வளர்ப்புப் பிள்ளையா" என்னும் கட்டம் அதில் இன்னும் அச்சிடப்பட்டிருக்கின்றது.

பள்ளியிற் பல்லாண்டு பணிபுரிபவன் ஆதலின், "எடுத்து வளர்த்த பிள்ளை" என்று உடன்பயில்வோர் வாயிலிருந்து கேட்டுக் கூசிக் குனிந்த முகங்களை யான் கண்டதுண்டு. அச்சொல்லைச் சிறுவர்கள் தாமாகப் படைத்துக்கொள்ளவில்லை. வீட்டுத் திண்ணையில் பெரியவர்கள் பேசக் கேட்டு எடுத்து வந்தார்கள். ஆசிரியன் வகுப்பில் அதனைக் கண்டிக்கலாம். திண்ணையில் கண்டிக்க இயலாது.

ஆகையால் பேச்சோடு நில்லாமல் சிலவற்றைப் பொதுக்குழு தீர்மானமாக நிறைவேற்ற வேண்டுமென்று விண்ணப்பிக்கின்றேன். வரன் பதிவேட்டிலுள்ள அக்கட்டத்தை அடுத்த அச்சிலேயே நீக்கல் வேண்டும். இப்பொழுது கைவசம் உள்ள தாள்களில் மையிட்டு அடித்துவிடலாம். சட்டப்படி தத்தெடுத்த பிள்ளை எக்குலத்திற் பிறந்ததாயினும் தத்தெடுத்தாரின் பிள்ளையாகச் சங்க உறுப்பினர் ஏட்டில் பதியப்பெறல் வேண்டும். கல்வி உதவிக்கும் விடுதிக்கும் உரியதாதல் வேண்டும். இதற்கு விதிநூலில் திருத்தம் தேவை என்று பொருளாளர் சொல்கின்றார்; திருத்துவோம், விதி நாம் எழுதியதுதானே. குழந்தையை ஒப்படைத்துத் திரும்பிய பெண்ணின் வீட்டாரிடம் கோயில் வரி வாங்க மறுக்கும் கிளைச் சங்கத்துக்குத் தலைமைச் சங்கத்தின் உதவித்தொகை நிறுத்தப்படல் வேண்டும். திருமண மண்டபத்திலும் மாணவியர் விடுதியிலும், குழந்தைகள் நலக் குழுவின் முகவரியும் 1098 என்னும் எண்ணும் எழுதிய பலகையைப் பெண்கள் செல்லும் பக்கத்தில், ஆடவர் கண் படாத இடத்தில் வைத்தல் வேண்டும். வாயிலில் நன்கொடையாளர் பெயர்ப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தால் பார்ப்பதற்கு அழகாயிருக்கும்; பயன்படுவோர் அதன் முன் நின்று படிக்கமாட்டார்கள்.

கடைசியாக, இரவில் கதவைத் தட்டினாலும் காரணங் கேளாமல் உடன்சென்று குழுவின் முன் நிற்கக்கூடிய தாய்மார் மூவர் வேண்டும். வயது முதிர்ந்தவர்களாய், வாய் அடங்கியவர்களாய் இருத்தல் நலம். யாருக்காகச் சென்றோம் என்பதை அவர்கள் தலைவரிடமும் சொல்ல வேண்டியதில்லை. செயலாளர் அதனைக் குறிப்பேட்டில் எழுதவும் வேண்டியதில்லை. வண்டிச் செலவைப் பொருளாளர் கணக்குக் கேளாமற் கொடுத்துவிட வேண்டும். அம்மூவர் யார் என்பதை இங்குள்ள தாய்மார்களே தம்முட் கலந்து தேர்ந்து, பகலுணவுக்குப்பின் பொதுக்குழு கூடுமுன் தெரிவிப்பார்களாயின், தீர்மானத்தில் அப்பெயர்களையும் சேர்த்து வாசித்துவிடலாம்.